ஹைடெல்பேர்க் மருந்துக்கடை மியூசியம்: பிள்ளையளோட போனால் எதுக்கு முன்னால நிக்கிறது?

கைதடிப்பாதை

ஆவணியில யாழ்ப்பாணத்தில இருந்து மன்ஹைமுக்கு, சொந்தக்காரரிட்டப் போறம். பக்கத்தில ஹைடெல்பேர்க் கோட்டைக்குள்ள பழைய மருந்துக்கடை மியூசியம் இருக்கு. ஆக்கள்: 8 வயது மகன், 13 வயது மகள், எழுபது கடந்த அம்மம்மா. ஒருத்தருக்கும் ஜேர்மன் தெரியாது, லேபிள் வாசிக்கப் பொறுமையும் இல்லை. "அந்தக் காலத்து மருந்துக்கடை" எண்டு பொதுவாச் சொன்னால் பத்து நிமிசத்தில வெளியால இழுத்துக்கொண்டு வந்திடுவினம். பழைய டிஸ்பென்சறி வேலை தெரிஞ்ச ஆக்கள், எந்தச் சாமானுக்கு முன்னால நிக்கோணும், என்ன சொல்லிக் குடுக்கோணும் எண்டு எழுதுவீங்களோ?

நெக்கார்க்கரை

முதல் போற வழி. கோட்டை ரிக்கற் எடுத்தால் அதுக்குள்ளயே மலை ரெயின், முற்றம், பெரிய வைன் பீப்பா, மருந்துக்கடை மியூசியம் எல்லாம் அடங்கும். மியூசியத்துக்கு வேற காசில்லை. அம்மம்மா வாறபடியால் நடந்து ஏறுற வழியை மறவுங்கோ, ரெயினில ஏறுங்கோ. முற்றம் கல்லுப் பதிச்சது. றப்பர் அடிச் சப்பாத்து நல்லது.

மியூசியம் ஒட்ஹைன்றிக் மாளிகையில, 1957இல இருந்து அங்கதான். பழைய மருந்துக்கடையளை மரத் தட்டு, லாச்சி, ஜாடியோட அப்பிடியே பேத்துக்கொண்டு வந்து பூட்டி வச்சிருக்கினம். கோபுரத்துக்குள்ள வடிக்கிற ஆய்வுகூடம். பிள்ளையளுக்கெண்டு தனிய ஒரு மூலையும் இருக்கு.

பீப்பாவைக் கடைசியாக் காட்டுங்கோ. 1751இல கட்டினது, 2,20,000 லீற்றர் அளவில பிடிக்கும். பத்தாயிரம் லீற்றர் தண்ணிப் பவுசர் 22 எண்டு கணக்குச் சொன்னால் மகன் பிறகு வேற எங்கயும் வரமாட்டான்.

சரக்குக்கடை

அம்மம்மாவைச் சும்மா கதிரையில இருத்தாதேங்கோ. அந்த மியூசியத்தில ஆகக் கூடத் தெரிஞ்ச ஆள் அவதான். மூலிகைப் பொருள் வச்சிருக்கிற பகுதியில பாதிச் சாமான் எங்கட நாட்டு மருந்துக்கடைச் சாமான். லேபிளில லத்தீன் சுருக்கம் இருக்கும். மகளுக்கு இதை மட்டும் பாடமாக்கிக் குடுங்கோ: "ராட்" எண்டால் வேர், "ஃபோல்" இலை, "கோர்ட்" பட்டை, "செம்" விதை, "ஃப்ளோர்" பூ, "ஓல்" எண்ணெய், "புல்வ்" தூள், "அக்" தண்ணி, "சிர்" பாணி, "உங்க்ட்" களிம்பு.

பிறகு தேடச் சொல்லுங்கோ. லிகுயிரீத்தியா அதிமதுரம். கலமுஸ் வசம்பு. சென்னா நிலாவரை. அசாஃபெற்றிடா பெருங்காயம். அலோ கரியபோளம், மிர்ரா வெள்ளைப்போளம், பீப்பர் லோங்கும் திப்பிலி. சின்னமோமும் எங்கட கறுவா. மகள் எழுத்துக்கூட்டி வாசிக்க, அம்மம்மா பேரையும் பயனையும் சொல்ல, சின்னவன் எண்ணிக்கை பிடிக்கலாம். பதினைஞ்சு பிடிச்சால் ஐஸ்கிறீம் எண்டு வையுங்கோ.

விசச் சாமான் பக்கத்திலயும் இப்பிடிச் சோடிப் பேருகள் இருக்கு. கலோமெல் எண்டு கண்டால் அது எங்கட பூரம். சப்லிமாற் எண்டது வீரம். சின்னோபர் எண்டது லிங்கம். மூண்டும் பாதரசம்.

கல்வமும் குழவியும்

சாமான் பேர் சொல்லுறது ஒண்டு, வேலை விளங்கிறது இன்னொண்டு. ஒரு சாமானையாவது வேலையோட விளங்கப்படுத்துங்கோ. என்னைக் கேட்டால் மாத்திரைப் பலகை.

பாக்க ஒரு சின்ன வாங்கு மாதிரி இருக்கும். மரப்பலகை, குறுக்க பித்தளையில வெட்டின பள்ளங்கள், அதுக்கு மேல ரெண்டு கைபிடி வச்ச இன்னொரு பித்தளைப் பள்ளத் தகடு. பள்ளங்களை எண்ணச் சொல்லுங்கோ, பெரும்பாலும் 24 இருக்கும். அந்த 24தான் முழுக் கணக்கும்.

ஒரு மாத்திரை 3 கிரேன் (பழைய மருந்து நிறை அளவு) எண்டால் 24க்கு 72 கிரேன், கிட்டத்தட்ட 4.7 கிராம் மாவு வேணும். ஆகக் குறைஞ்ச அளவு மருந்தைத்தான் முதல் கல்வத்தில போடுறது. அதே அளவு மற்றத் தூள் சேர்த்து அரைச்சு, வந்ததுக்குச் சமனா இன்னும் சேர்த்து, இப்பிடி இரட்டிச்சு இரட்டிச்சுப் போறது. எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிக் கலந்தால் வீரியமான மருந்து ஒரு மூலையில கட்டியா நிண்டிடும். ஒரு மாத்திரையில ஒண்டுமில்லை, மற்றதில மூண்டு பேரின்ர அளவு.

பிறகு பசை. கிளிசரினில கரைச்ச பிசின், இல்லாட்டிப் பாணி, துளி துளியா. மாவு கல்வத்தை விட்டுக் கழண்டு, விரலில ஒட்டாமல், அமத்தினால் வெடிக்காமல் வரோணும். இடியப்ப மாவை விட இறுக்கம். அதைப் பலகையில உருட்டித் திரி ஆக்கிறது. திரியின்ர நீளம் சரியா 24 பள்ளத்துக்கு வரோணும், ரெண்டு நுனியும் கூராகாமல் தட்டையா வெட்டி நிக்கோணும். பள்ளத்துக்கு மேல திரியை வச்சு, மேல் தகட்டை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளினால் வெட்டுப்பட்டு உருண்டு விழும். கடைசியா, அடிப்பக்கம் குழிஞ்ச வட்டக் கட்டையால எட்டுப் போட்டு உருட்டி முழு உருண்டை ஆக்கிறது.

பிழைக்கிற இடங்கள்: பசை கூடினால் போத்தலுக்குள்ளயே மாத்திரை சப்பளிஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டும். குறைஞ்சால் உதிரும். திரி நடுவில தடிச்சால் நடு மாத்திரை பாரம், நுனி மாத்திரை இலேசு. ஒட்டாமல் இருக்கத் தூவுற அதிமதுரத் தூளைக் கூடப் போட்டால் மாவு காய்ஞ்சு வெடிக்கும். இறுகிக் கல்லாப் போன மாத்திரை வயித்துக்குள்ள கரையாமல் போன மாதிரியே வெளியால வரும். பக்கத்தில மர உருண்டை ஒண்டு ரெண்டு பாதியாத் திறந்து கிடந்தால் அது வெள்ளித்தாள் பூசுறதுக்கு. பிசின் தடவின மாத்திரையையும் வெள்ளித்தாளையும் உள்ளுக்க விட்டு மூடிக் குலுக்கிறது.

பொன்னாலைக் காத்து

எங்கட பரியாரிமார் உதெல்லாம் விரலாலயே உருட்டினவை. கல்வமும் ரெண்டு விரலும் காணும். உதைப் பாக்க ஜேர்மனிக்குப் போகோணுமோ?

கல்வமும் குழவியும்

விரலால உருட்டுறதில குறையில்லை அண்ணை, கை பழகினால் ஒரே பருமன் வரும். ஆனால் பருமன் வேற, நிறை வேற. மாவு ஈரம் கூடின நாளும் குறைஞ்ச நாளும் ஒரே பருமனுக்கு ஒரே மருந்து இராது. பலகையில மொத்த மருந்தை முதலே நிறுத்து 24ஆல பிரிக்கிறதால அந்தக் கணக்குக் கையை விட்டுப் போகாது. ரெண்டையும் பக்கத்தில வச்சுக் காட்டினால் 13 வயதுப் பிள்ளைக்கு நல்லா விளங்கும். வீட்டில கோதுமை மாவும் தேனும் போதும். பத்து உருண்டை கையால உருட்டி, மின் தராசில ஒவ்வொண்டா நிறுக்கச் சொல்லுங்கோ. ஆகக் கூடினதுக்கும் ஆகக் குறைஞ்சதுக்கும் உள்ள இடைவெளியைப் பாத்தாப் பிறகு பலகையைப் பாக்கிற கண் வேற.

அவுன்ஸ் கிளாஸ்

கிரேன் எண்டு மேல எழுதியிருக்கு, அதைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லோணும்.

இங்கிலீசுக் கணக்கில 1 கிரேன் 64.8 மில்லிகிராம். 20 கிரேன் 1 ஸ்குறூப்பிள், 3 ஸ்குறூப்பிள் 1 திராம், 8 திராம் 1 அவுன்ஸ். அந்த மருந்து அவுன்ஸ் 480 கிரேன், 31.1 கிராம். கடைச் சாமான் நிறுக்கிற அவுன்ஸ் 437.5 கிரேன், 28.35 கிராம். பேர் ஒண்டு, நிறை ரெண்டு. கவனிக்காட்டி நூற்றுக்கு ஒன்பது பத்துப் பிழைக்கும்.

சித்த மருத்துவக் கணக்கில குன்றிமணி 130 மில்லிகிராம் எண்டு எடுக்கிறவை. சரியா ரெண்டு கிரேன்! பிள்ளையளுக்குச் சொல்ல நல்ல சோடி. ஆனால் ஹைடெல்பேர்க்கில இருக்கிற பழைய படியள் ஜேர்மனியின்ர நூரன்பேர்க் நகரக் கணக்கு. அதில ஒரு றாத்தல் 12 அவுன்ஸ், 358 கிராம் அளவு, அவுன்ஸ் 29.8 கிராம், கிரேன் 62 மில்லிகிராம். ஆனபடியால் அங்க நிண்டு "ரெண்டு கிரேன் ஒரு குன்றி" எண்டு சொன்னால் கொஞ்சம் பொய். எங்கட ஆஸ்பத்திரியளுக்கு வந்தது இங்கிலீசுக் கணக்கு.

அசல் குன்றிமணியைக் கையில குடுத்துக் காட்டுறதெண்டால் சின்னவன் வாயில போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. தோல் உடையாத விதை பெரும்பாலும் அப்பிடியே வெளியால போகும், கடிச்சு உடைச்சால் கடும் நஞ்சு. தும்பு கோக்கத் துளை போட்ட விதையும் அதே ஆபத்து.

பழைய மருந்துச் சீட்டு கண்ணாடிக்குள்ள கிடந்தால் 3 மாதிரி ஒரு குறியைத் தேடுங்கோ. அது திராம். அதே 3க்குத் தலையில இன்னொரு கொக்கி கூடினால் அவுன்ஸ். எழுதினவர் அவசரத்தில ஒரு கொக்கியை இழுத்துவிட்டால் மருந்து எட்டு மடங்கு. கிராமுக்கு மாறினதின்ர பெரிய லாபம் இதுதான் எண்டு நான் சொல்லுவன்.

கைதடிப்பாதை

இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை, நன்றி. யன்னல் பக்கம் இருக்கிற பெரிய கலர்த் தண்ணிப் போத்தல் என்ன மருந்து? நீலப் போத்தல் வெளிச்சம் படாமல் இருக்கத்தானே?

அவுன்ஸ் கிளாஸ்

ரெண்டும் பலர் பிழையாச் சொல்லுறது.

கடை யன்னலில நிண்ட கலர்த் தண்ணி மருந்தே இல்லை, விளம்பரம். இங்கிலாந்து, அமெரிக்கக் கடையளில இது வழக்கம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளுக்கும், இரவில பின்னால விளக்கு வச்சால் தூரத்தில வாறவருக்கும் "இஞ்ச மருந்து விக்கும்" எண்டு தெரியும். நீலம் வேணுமெண்டால் துருசுத் தண்ணிக்குள்ள (செப்புச் சல்பேற் கரைசல்) அம்மோனியா விடுறது. முதல் வெளிர் நீலத்தில கலங்கும், இன்னும் விட அது கரைஞ்சு கடும் ஊதா நீலமாத் தெளியும்.

வெளிச்சத்தைத் தடுக்கிறது மண்ணிறப் போத்தல். மருந்தைக் கெடுக்கிறது கூடுதலா நீல, ஊதாப் பக்கத்துக் கதிர். நீலக் கண்ணாடி அதைத்தானே உள்ளுக்க விடுது. சில்வர் நைத்திரேற்றை நீலப் போத்தலில வச்சால் கறுத்துப் போகும். இங்கிலாந்தில நீலமும் பச்சையும், அதோட ஆறு பட்டையும் வரம்பும் வச்ச போத்தல், நஞ்சுக்கு வந்தது. இருட்டில தடவினாலும் விரலுக்குத் தெரியோணும்.

ஜேர்மன் ஜாடியளில வேற ஒழுங்கு. கறுப்பு லேபிளில வெள்ளை எழுத்து எண்டால் கடும் நஞ்சு, தனிய பூட்டின அலுமாரி. வெள்ளையில சிவப்பு எழுத்து எண்டால் கவனமாப் புறம்பா வைக்கிற சாமான். வெள்ளையில கறுப்பு சாதாரணம். சின்னவனுக்கு வாசிக்கத் தேவையில்லை, நிறத்தை வச்சே பிரிச்சுச் சொல்லுவான்.

பொன்னாலைக் காத்து

மேல பூரம், வீரம் பற்றி எழுதியிருந்தது. எங்கட ஆக்கள் சுத்தி செய்துதான் பாவிச்சவை. சுத்தி செய்தால் விசம் போயிடும். வெள்ளைக்காரன் அப்பிடியே குடுத்தவன். அதையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.

சரக்குக்கடை

அப்பிடிச் சொல்லிக் குடுக்காதேங்கோ. நானும் சரக்கு விக்கிற ஆள்தான், ஆனால் பாதரசம் ஒரு தனிமம், அரைச்சாலும் புடம் போட்டாலும் அது இல்லாமல் போகாது. மாறுறது அது எதோட சேர்ந்து நிக்குது எண்டது. கந்தகத்தோட கட்டின லிங்கம் தண்ணியில கரையிறது மிகக் குறைவு. பூரம் கொஞ்சம் கூட. வீரம் நல்லாக் கரையும், அதால உடனடி நஞ்சு. அந்த வேறுபாட்டைத்தான் ரெண்டு பக்கத்து ஆக்களும் கை அனுபவத்தில பிடிச்சு வச்சிருந்தவை. பூரத்தைச் சூடாக்கேக்கை பிழைச்சு ஒரு பங்கு வீரமா மாறினால் என்ன நடக்கும் எண்டதும் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பயம்.

குறைவாக் கரையிறதெண்டால் பாதுகாப்பு எண்டும் இல்லை. இங்கிலாந்தில பல் முளைக்கிற குழந்தையளுக்குக் குடுத்த தூளில கலோமெல் இருந்தது. கை கால் சிவந்து, தோல் உரிஞ்சு, குழந்தை ஓயாமல் அழுற ஒரு வருத்தம் அதால வந்தது. 1950களில அந்தத் தூளை நிப்பாட்டின பிறகு வருத்தமும் மறைஞ்சுது.

சுவிஸ் பாசலுக்குப் போக நேரம் கிடைச்சால் அங்க இருக்கிற பல்கலைக்கழக மருந்தியல் மியூசியத்தையும் பாருங்கோ. 1924இல தொடங்கினது, சின்ன இடம், ஒன்றரை மணித்தியாலம் காணும். அந்த வீட்டில முந்தி அச்சுக்கூடம் வச்சிருந்த ஃப்ரோபனுக்கு வைத்தியம் பாத்தவர் பராசெல்சுஸ். ஒரு பொருள் நஞ்சோ இல்லையோ எண்டது அளவிலதான் எண்டு எழுதி வச்ச ஆள். பொன்னாலை அண்ணைக்கும் அவரைப் பிடிக்கும், பாதரசம் நல்லாப் பாவிச்சவர்.

கல்வமும் குழவியும்

கல்வங்களுக்கு முன்னால நிக்கேக்கை ஒரு விசயம். பித்தளை, இரும்பு உரல் வேர் பட்டை இடிக்க. அமிலமோ பாதரச உப்போ அதுக்குள்ள போடக்கூடாது, உலோகத்தைத் தின்னும். கண்ணாடிக் கல்வம் சாயம் பிடிக்கிற சாமானுக்கு. அகண்டு, அடி தட்டையான பீங்கான் கல்வம், தட்டைத் தலைக் குழவி, ரெண்டும் சேர்ந்திருந்தால் அது பால்மம் (எண்ணெயும் தண்ணியும் பிரியாமல் சேர்ந்த கலவை) அடிக்க, மீனெண்ணெய் மருந்து செய்ய.

அதின்ர கணக்கு 4க்கு 2க்கு 1. எண்ணெய் 30 மில்லிலீற்றர், தண்ணி 15, அக்காசியாப் பிசின் தூள் 7.5 கிராம். காய்ஞ்ச கல்வத்தில பிசினும் எண்ணெயும் முதல். பிறகு 15 மில்லிலீற்றர் தண்ணியையும் ஒரே தரமா ஊத்தி, ஒரே பக்கமா, நிப்பாட்டாமல் கெதியா அடிக்கோணும். வெள்ளையாகித் தடிச்சு, குழவி எடுக்கேக்கை "டிக் டிக்" எண்டு வெடிக்கிற சத்தம் வந்தால் பிடிச்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் மிச்சத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. சத்தம் வராமல் எண்ணெய் மினுக்கம் தெரிஞ்சால் எறிஞ்சுபோட்டுத் திரும்பத் தொடங்கிறதுதான் வழி. காரணம் அனேகமா ரெண்டில ஒண்டு: கல்வத்தில ஈரம் இருந்து பிசின் கட்டிபட்டிருக்கும், இல்லாட்டி முதல் தண்ணியைத் துளி துளியா விட்டிருப்பினம்.

மகள் துவக்குக் குண்டு அச்சு எண்டு ஒண்டைக் காட்டினால் சிரிக்காதேங்கோ, உருவம் அப்பிடித்தான். பின்பக்கத்தால வைக்கிற மருந்தின்ர அச்சு. கொக்கோ வெண்ணெய் 34 தொடக்கம் 36 பாகையில உருகும், உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழ, அதுதான் சூத்திரம். அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் அதின்ர பளிங்கு வேற வகைக்கு மாறி, இருபத்துச் சொச்சம் பாகையிலயே உருகத் தொடங்கும், அச்சை விட்டு எடுக்கவும் ஏலாது. ஆனபடியால் முக்காற் பங்கு உருகினதும் அடுப்பால இறக்கி, மிச்சத்தைக் கிண்டியே கரைக்கிறது. சித்திரை வெயிலில யாழ்ப்பாணத்தில இது செய்யிறதெண்டால் ஐஸ் இல்லாமல் கஷ்ரம்.

நெக்கார்க்கரை

கோபுர ஆய்வுகூடத்தில இருக்கிற வளைஞ்ச கழுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தை அம்மம்மாவுக்கு "வாலை" எண்டு சொன்னால் காணும். ஓமத்தண்ணி வடிக்கிறதும் உந்த வேலைதான்.

போக முதல் மானிப்பாய்ப் பக்கம் ஒருக்கால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1847இல அமெரிக்காவில இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில இருந்துகொண்டு மேற்கு வைத்தியத்தைத் தமிழில படிப்பிச்சவர். 1875இல வந்த இரசாயனப் புத்தகத்துக்குப் பேரே "கெமிஸ்தம்". அவர் பேரில ஆஸ்பத்திரி அங்க இப்பவும் இருக்கு. அப்போதிக்கரி எண்டு ஊரில சொல்லுற சொல்லும் ஜேர்மன்காரர் மருந்துக்கடைக்குச் சொல்லுற அப்போதேக்கேயும் ஒரு வேர்ச் சொல்தான். கோட்டை வாசலில பேர்ப்பலகையைப் பாத்து மகளே கண்டுபிடிப்பா.

கைதடிப்பாதை

கடைசியா ஒண்டு. திரும்பி வந்து வீட்டில செய்யக்கூடியதா ஏதும்? மாத்திரை உருட்டுறதை விட லேசானது.

அவுன்ஸ் கிளாஸ்

தூள் பொட்டலம் மடிக்கப் பழக்குங்கோ. 12 சென்ரிமீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் தாள். நீளப் பக்கத்தில ஒரு விரல் அகலத்துக்கு மடிச்சு, அந்த மடிப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வையுங்கோ. தூள் நடுவில. கிட்ட இருக்கிற விளிம்பைத் தூக்கி எதிர்ப்பக்க மடிப்புக்குள்ள சொருகுங்கோ. மடிப்போட சேர்த்து உங்கட பக்கம் ஒருக்கால் மடிச்சால் ஒடுங்கின பட்டி வரும். ரெண்டு நுனியையும் ஒரே அளவுக்குப் பின்னால மடிச்சு, ஒண்டை மற்றதுக்குள்ள சொருகினால் முடிஞ்சுது. சீனியால பழகலாம். மடிப்புக்குள்ள தூள் போனால் பிழை, திறக்கேக்கை கொட்டும். ஒரு பொட்டலத்தில 120 மில்லிகிராமுக்குக் குறைய வைக்கிறேல்லை. மருந்து அதிலும் குறைவெண்டால் பால்வெல்லம் (லக்ரோஸ்) சேர்த்து நிரப்புறது.

கைதடிப்பாதை

கொப்பித்தாள் சரிவருமோ?

அவுன்ஸ் கிளாஸ்

வராது, மை வைக்காத வழவழப்பான தாள் வேணும். கேக் தட்டுக்குப் போடுற எண்ணெய்த்தாள் வெட்டி எடுங்கோ. மாரியில ஈரம் இழுக்கிற தூளுக்கு உள்ளுக்க மெழுகுத்தாள், வெளியால வெள்ளைத்தாள் எண்டு ரெண்டு போடுறது.

இன்னும் ஒரு படி போகோணுமெண்டால் செட்லிற்ஸ் தூள் மாதிரி ரெண்டு நிறத் தாளில மடியுங்கோ. அசலில நீலத்தாளுக்குள்ள சோடியம் பொற்றாசியம் ராத்தரேற் 7.5 கிராமும் அப்பச்சோடா 2.5 கிராமும், வெள்ளைத்தாளுக்குள்ள ராத்தாரிக் அமிலம் 2.5 கிராம். அது பேதி மருந்து, பிள்ளையளுக்கு வேண்டாம். விளையாட்டுக்கு நீலத்தில அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, வெள்ளையில அதேயளவு சிற்றிக் அமிலம். ஒரே தாளில போட்டால் காத்து ஈரத்திலயே நுரைச்சு முடிஞ்சிடும், அதுக்குத்தான் ரெண்டு தாள். அரைக் கிளாஸ் தண்ணியில நீலத்தை முதல் முழுசாக் கரைச்சு, பிறகு வெள்ளையைக் கொட்டுங்கோ. கிளாஸ் பெரிசா இருக்கட்டும்.